முப்பத்தொன்றாவது உருப்படி

கினுயோவின் சலவைக்கடைக்குத் துணி போட எங்கள் ஊர் ஆண்கள் கொஞ்சம் பயந்துகொண்டேதான் போவார்கள். சட்டையை மேஜைமேல் விரித்து ஒரு தடவை தடவிப் பார்த்தால் போதும், அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். டாக்டர் தொடக்கூடாது என்று சொன்ன மதுவைத் தொட்டவன் யார், வலை பின்னப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சூதாட்டக் கூடத்துப் புகைக்குள் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தவன் யார், எல்லாம். ஆனால் ஒரு வார்த்தை வெளியே வராது. ஊர்க்கதை மற்றதையெல்லாம் வாய் ஓயாமல் பேசுவாள். கறை விஷயத்தில் மட்டும் ஊமை. கறை வாடிக்கையாளரின் சொந்தச் சமாச்சாரம், அதைத் துவைக்கத்தான் நமக்கு உரிமை, பேச இல்லை என்பது அவள் கட்சி.

மலைப்பக்கத்து ஆப்பிள் தோட்டக்காரரின் மகள் அவள். இருபத்து மூன்று வயதில் எய்சாகுவைக் கட்டிக்கொண்டு எங்கள் மீன்பிடி ஊரான கமெஹாமாவுக்கு வந்தபோது மீன் வாடை தாங்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். நாலு வருஷத்தில் காலரை முகர்ந்தே அந்தப் படகுக்கு அன்று என்ன மீன் பட்டது என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். கடை மாமனார் வைத்தது. எய்சாகு பின்பக்கம் நின்று இஸ்திரி போடுவார். பேச வேண்டியதையெல்லாம் இஸ்திரிப்பெட்டியிடமே பேசி முடித்துவிடுகிறார், எனக்கு மிச்சம் வைப்பதில்லை என்று கினுயோ குறைப்படுவாள். முன்மேஜை அவளுடைய ராஜ்யம். செவ்வாய்க்கிழமை மதியம் மட்டும் பாட்டு வகுப்புக்குப் போவாள். அப்போது எய்சாகு முன்னால் வந்து, டிவியில் எங்கள் நாட்டுச் சதுரங்கமான ஷோகி ஆட்டத்தைப் போட்டுவிட்டு, வருகிற துணியை வாங்கி வைப்பார். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைக்காகத்தான் பிறகு ஒன்றரை வருஷம் அவரை வறுத்தெடுத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கு மூன்றாம் நாள், மார்ச் மாத வெள்ளிக்கிழமை, சுனாமி அலை வந்தது. இருவரும் கோயில் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள். கடை போயிற்று, இயந்திரங்கள் போயின, பெயர்ப் புத்தகம் போயிற்று, வரிசையாகத் தொங்கிய இருநூற்றுப் பதினாறு உருப்படிகளும் போயின. மேட்டில் நின்று ஊரே அழுதுகொண்டிருந்தபோது கினுயோ, "நாளைக்குக் குடுக்கறதா சொன்ன துணி நாப்பது இருக்கே" என்று முனகியதைக் கேட்டவர்கள் அவளுக்குப் புத்தி பிசகிவிட்டதாகவே நினைத்தார்கள்.

சலவைக்கடையில் ஒவ்வொரு உருப்படியிலும் ஒரு சின்ன எண் சீட்டைப் பின் அடித்து வைப்பார்கள். எத்தனை முறை வெந்நீரில் புரட்டினாலும் கிழியாத காகிதம் அது. ஏப்ரலில் இடிபாடு அள்ள வந்த ராணுவத்துப் பையன்கள் பைன் மரக்கிளை ஒன்றில் கால்சட்டை தொங்குவதைக் கண்டார்கள். சேறு அப்பியிருந்தது, ஆனால் இடுப்பில் ஊதாச் சீட்டு அப்படியே இருந்தது. "அலையும் ஒரு சலவைதானே" என்றார் எய்சாகு. அந்த வருஷம் அவர் சொன்ன ஒரே நகைச்சுவை.

அதற்குப் பிறகு சீட்டு உள்ள துணி எங்கே கிடைத்தாலும் கினுயோவிடம் கொண்டுவந்து கொடுப்பது ஊர் வழக்கமாகிவிட்டது. மொத்தம் முப்பத்தொன்று தேறின. பள்ளி மைதானத்துத் தற்காலிக வீட்டில், யாரோ அனுப்பிய பழைய சலவை இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் எட்டுத் தண்ணீர் பத்துத் தண்ணீர் அலசினாள். பெயர்ப் புத்தகம் இல்லாவிட்டால் என்ன, எண்ணைப் பார்த்ததும் ஆள் யார் என்று அவளுக்குத் தெரியும். சீராக மடித்து, உறையில் போட்டு, வாசலில் போய் நின்று இடுப்பு வளையக் குனிவாள்.

"மார்ச் பன்னெண்டாந் தேதி குடுக்கறதா சொல்லியிருந்தோம். தாமதமாயிடுச்சு, மன்னிக்கணும்."

வீடு போனவர்கள், படகு போனவர்கள், மாற்றுத்துணி இல்லாமல் யாரோ கொடுத்த சட்டையில் நிற்பவர்கள். அவர்களிடம் போய்த் தாமதத்துக்கு மன்னிப்பு! டாக்சி ஓட்டும் கொன்னோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஜூலை மாசத்துல கம்பளிக் கால்சட்டையா? அதுவும் இப்ப ரெண்டு பேர் உள்ள போகலாம்போல இருக்கே. நான் இளைச்சுப் போயிட்டேன், அக்கா." அவள் அங்கேயே ஊசி நூலை எடுத்து இடுப்பைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

சுகவாரா வீட்டில் மட்டும் அவளுக்கு அடி விழுந்தது. வீட்டுக்காரர் அலையில் போய்விட்டார். அவருடைய ஸ்வெட்டரை வாங்கிய மனைவி மார்புப் பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தேடினாள். "இங்க ஒரு குழம்புக் கறை இருந்துச்சே?" "எடுத்துட்டேங்க, ரொம்பக் கஷ்டப்பட்டு" என்றாள் கினுயோ பெருமையாக. "அது நான் வெச்ச குழம்பு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் ஸ்வெட்டரில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்த கினுயோ மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. அவளைப் பொறுத்தவரை அது கடும் விரதம்.

முப்பது போயிற்று. மிஞ்சியது ஒன்று: கருநீலக் கம்பளிக் கோட்டு, எண் 318, அந்தச் செவ்வாய்க்கிழமை எய்சாகு கையால் வாங்கியது. ஆளை விழுங்கும் நீளம். எங்கள் ஊரில் உயரம் என்று பேர் வாங்கிய கூடைப்பந்து வாத்தியாரே அதைப் போட்டபோது அப்பாவின் உடுப்பைத் திருடிய குழந்தை மாதிரி நின்றார்.

"ஆள் எப்படி இருந்தான்?" என்று அவள் கேட்ட கேள்விக்கு எண்ணிக்கை கிடையாது.

"உயரமா இருந்தான்."

"அது கோட்டைப் பார்த்தாலே தெரியுது. மூஞ்சி?"

"தேர்க்காயை நகர்த்தற கட்டம். நான் டிவியைப் பாத்துட்டு இருந்தேன்."

"அந்த ஷோகிக்காரன் மூக்குக்கண்ணாடி என்ன நிறம்னு கேட்டா சொல்லுவீங்க. கடைக்கு வந்த மனுஷன் மூஞ்சி தெரியாது! பேரு?"

"சொல்லியிருப்பான். எழுதினேன். எழுதினது கடலுக்குப் போயிடுச்சு."

வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். சுரங்கப்பாதை வேலைக்கு வந்தவனோ, மீன் வாங்க வந்தவனோ. நிவாரண முகாம்களில் விசாரித்தாள், பக்கத்து ஊர் அறிவிப்புப் பலகைகளில் கோட்டின் அளவை எழுதி ஒட்டினாள். யாரும் வரவில்லை.

இரண்டாம் வருஷம் இலையுதிர்காலத்தில், பள்ளிக்குக் கீழே பன்னிரண்டு தகரக் கடைகளோடு தற்காலிகக் கடைத்தெரு ஒன்று தயாராயிற்று. பதினோராம் எண் கினுயோவுக்கு. நகராட்சி ஒரே ஒரு நிபந்தனை போட்டது: திறப்பு விழா அன்று திறக்காத கடை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள் நகத்துக்குப் பூப்போடும் ஒரு பெண். எல்லோரும் மூட்டை பிரித்துச் சாமான் அடுக்கினார்கள். கினுயோ மட்டும் இயந்திரத்தின் உறையைக்கூடக் கழற்றவில்லை.

"பழைய கடையில வாங்கின உருப்படி ஒண்ணு கையில நிக்குது. அதைக் குடுக்காம புதுசா எப்படி வாங்கறது? எச்சில் தட்டைக் கழுவாம அடுத்த சோத்தைப் போடுவாங்களா?" என்று தெருச் சங்கத் தலைவர் ஒனோதெராவிடம் சொல்லிவிட்டாள். அவர் நூடுல்ஸ் கடைக்காரர். நல்ல மனிதர், பதற்றம் வந்தால் காது வரை வேர்க்கும்.

"அக்கா, ஊர்ல துணி துவைக்க ஆளில்ல. படகுக்காரங்க எல்லாம் ஒரே சட்டையில நாறிட்டுக் கிடக்காங்க. என் கடையில பக்கத்துல உட்கார முடியல."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும், அந்த ஆள் வரணும்ல."

வராவிட்டால் என்ன அர்த்தம் என்பதை அவள் சொல்லவே மாட்டாள். அவளுக்குள் கணக்கு இதுதான்: கோட்டை வாங்க வந்தால் அந்த மனிதன் உயிரோடு இருக்கிறான். கோட்டை வேறு என்ன செய்தாலும், தூக்கிப் போட்டாலும், பரண்மேல் வைத்தாலும், அவன் செத்துவிட்டான் என்று தானே முடிவுகட்டியதாகிவிடும். பார்த்தறியாத ஒருவனுக்காகக் கடையை இழக்கத் துணிந்துவிட்டாள். இந்தப் பிடிவாதத்தை நினைத்து நாங்கள் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டோம். எய்சாகுவுக்கு மட்டும் விஷயம் புரியும். புரிந்ததையும் அவர் இஸ்திரிப்பெட்டியிடம்தான் சொல்லியிருப்பார்.

திறப்பு விழாவுக்கு ஐந்து நாள் இருந்தபோது கினுயோ ஒனோதெராவின் கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாசல் திரையை விலக்கிக்கொண்டு ஒருவன் குனிந்தான், இன்னும் குனிந்தான், அப்படியும் தலை இடித்துக்கொண்டு உள்ளே வந்தான். அவள் கையிலிருந்த குச்சிகள் கிண்ணத்துக்குள் விழுந்தன.

தோள் சரி. நீளம் சரி. ஆள் வெள்ளைக்காரன். அதனால் என்ன, வெள்ளைக்காரனுக்கும் குளிரும்தானே.

"தம்பி, நீங்க அந்த மார்ச்ல இங்க வந்திருந்தீங்களா?"

"இல்லீங்க. இந்த ஊருக்கு இதுதான் முதல் தடவை" என்றான் அவன் நல்ல ஜப்பானிய மொழியில். யோரிஸ் என்று பெயர், ஹாலந்துக்காரன், செண்டாய் நகரத்தில் மூன்று வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தவனாம். இப்போது ஊர் ஊராகச் சுற்றித் தன் நாட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதுகிறான். அழிந்த ஊர்கள் எப்படி எழுந்திருக்கின்றன என்று படம் எடுப்பது வேலை.

கினுயோவின் முகம் விழுந்ததை ஒனோதெரா அடுப்படியிலிருந்தே பார்த்துவிட்டார். வந்தவனுக்கு ஒரு முட்டை கூடுதலாகப் போட்டார், ஏனென்று அவருக்கே அப்போது தெரியவில்லை.

யோரிஸ் வாய் திறந்தால் மூடமாட்டான். அந்த விதத்தில் கினுயோவுக்குப் பிடித்துப்போயிற்று. "என்னால உங்க ஊர்க்காரங்களைப் புரிஞ்சுக்கவே முடியலைங்க. ஓட்டைக் காலுறையைத் தங்கின இடத்துக் குப்பைக்கூடையில போட்டுட்டு வந்தேன். விடுதிக்கார அம்மா அதைத் துவைச்சு, தச்சு, அடுத்த ஊர்ல நான் தங்கற இடத்துக்குத் தபால்ல அனுப்பிட்டாங்க. அங்கயும் போட்டுட்டு வந்தேன். அங்கிருந்தும் வந்துச்சு. மூணு ஊரா என்னைத் துரத்துது."

"எங்க, அதை எடுங்க பாக்கலாம்" என்று கினுயோ காலுறையை வாங்கித் தையலை ஆராய்ந்தாள். "தையல் பரவாயில்ல. ஆனா ஓரத்தை மடிச்சுத் தச்சிருக்கணும்."

நோட்டுப் புத்தகத்திலிருந்து படித்துக்காட்டினான். பாதி சாலை இன்னும் கடலுக்குள் கிடக்கிறது, ஆனால் பேருந்து ஓட்டுநர் இரண்டு நிமிடத் தாமதத்துக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் மன்னிப்புக் கேட்கிறார். பெட்ரோல் நிலையத்துக்குக் கூரை இல்லை, ஆனால் வண்டி கண்ணுக்கு மறையும்வரை தொப்பியைக் கழற்றிக் குனிந்து நிற்கிறார்கள். "எங்க ஊர்ல கடைக்காரன் தலையைத் தூக்கி நம்மளைப் பார்த்தாலே பெரிய விஷயம். இங்க எல்லாம் போனப்புறமும் இது மட்டும் ஏன் போகலை? முதல்ல வீட்டைக் கட்டுங்க, அப்புறம் குனியலாம்னு எழுதியிருந்தேன். இப்ப அதை அடிச்சிட்டேன்."

"ஏன் அடிச்சீங்க?"

"தெரியல. வேற என்ன எழுதறதுன்னும் தெரியல."

முப்பத்தோரு உருப்படிகளின் கதையைக் கேட்டதும் அவனுக்குக் கண் விரிந்தது. துவைக்காத, சேற்றோடு இருக்கிற துணி ஏதாவது இருந்தால் படம் எடுக்கலாமா என்று கேட்டான். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அழுக்கோட ஒரு உருப்படியை வெளியாளுக்குக் காட்டற வழக்கம் எங்க கடையில கிடையாது."

"ஆனா இது சரித்திர ஆவணம் மாதிரிங்க. உலகத்துக்குத் தெரியணும்."

"உலகத்துக்குத் தெரியறதுக்கா என்கிட்ட துணி போட்டாங்க? உங்க காலுறையை நான் பேப்பர்ல போட்டா சும்மா இருப்பீங்களா?"

யோரிஸ் காலை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டான்.

அடுத்த நாள் அவன் தங்கியிருந்த விடுதிக்கு இரண்டு பேர் போனார்கள். ஒருவர் ஒனோதெரா. அவர் போனதில் ஆச்சரியமில்லை. இன்னொருவர் எய்சாகு. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பாயின் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தவர் நெற்றி தரையில் படக் குனிந்தார்.

"அந்தக் கோட்டு உங்களோடதுன்னு சொல்லிடுங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மிச்சத்தை ஒனோதெராதான் வேர்வையைத் துடைத்துத் துடைத்து விளக்கினார்: கடை போய்விடும், நகப்பூச்சுக்காரி வந்துவிடுவாள், படகுக்காரர்கள் நாறுகிறார்கள், அக்கா அந்தத் தகரப் பெட்டி மாதிரி வீட்டுக்குள் கோட்டைப் பார்த்தபடியே கிழவியாகிவிடுவாள்.

"நான் பொய் எழுதறதில்லைங்க" என்றான் யோரிஸ்.

"எழுத வேணாம். சொன்னாப் போதும்" என்றார் ஒனோதெரா.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலை. பதினோராம் எண் கடையில் கினுயோ சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்காகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திறக்காமலே திருப்பிக் கொடுக்கிற கடையென்றாலும் சுத்தமாகக் கொடுக்க வேண்டுமே. யோரிஸ் வந்து வாசலில் நின்றான். காது இரண்டும் சிவந்திருந்தன. அவனுக்குப் பின்னால் ஒனோதெரா, முடிவெட்டும் அம்மாள், ரொட்டிக்கடைத் தம்பதி, டாக்சி கொன்னோ, நான் எல்லோரும் தற்செயலாக அந்தப் பக்கம் வந்ததுபோல் நின்றோம். எய்சாகு உள்ளே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்து... அந்தக் கோட்டு. எனக்கு இப்பதான் ஞாபகம் வந்துச்சு. ஒரு தடவை வந்திருக்கேன் போல. அது என்னுதுதாங்க."

கினுயோ துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கையைத் துடைத்தாள். குரல் மாறியது.

"அப்படிங்களா ஐயா. கொஞ்சம் இருங்க."

மேலே வீட்டுக்குப் போய் எடுத்துவந்து, உறையைப் பிரித்து, கோட்டைத் தோள்பட்டையில் பிடித்து, அவன் பின்னால் போய் நாற்காலிமேல் ஏறி நின்று போட்டுவிட்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. ரொட்டிக்கடைக்காரி "அடேயப்பா" என்றாள். ஒனோதெராவுக்கு மூச்சு வந்தது.

கினுயோ முன்னால் வந்து கைகளை மடக்கச் சொன்னாள். யோரிஸ் மடக்கினான். ஒருவன் இரண்டு மூன்று குளிர்காலம் போட்ட கோட்டில் முழங்கை மடிகிற இடம் வரிவரியாகப் பதிந்திருக்கும். எந்தச் சலவையிலும் அது முழுதாகப் போகாது. இந்தக் கோட்டின் வரி யோரிஸின் முழங்கைக்கு நாலு விரல் மேலே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். இன்னொரு கையையும் பார்த்தாள். நாற்பது வருஷம் துணி பார்த்தவளுக்கு மூன்றாவது தடவை பார்க்கத் தேவையில்லை.

முதலில் வந்தது கோபம்தான். என்னை முட்டாளாக்கப் பார்க்கிறார்களே என்று காது மடல் சுட்டது. ஒனோதெராவைப் பார்த்தாள். மனிதர் ஊறுகாய் போல ஊறியிருந்தார். பிறகு கணவரைப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஒரு பொய் சொன்னதில்லை. சத்தியவான் என்பதால் இல்லை, பொய்க்கும் வாயைத் திறக்க வேண்டுமே என்பதால். அந்த மனிதர் இப்போது தன் எதிரில், பிடிபட்ட திருடன்போலக் கூரையை எண்ணிக்கொண்டு நிற்கிறார். கோபம் அவளை விட்டு இறங்கியது. இவ்வளவு பேர் தனக்காகக் காலைவேளையில் வேலையை விட்டுவிட்டு வந்து இத்தனை மோசமாக நடிக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டாள்.

இல்லை என்று சொன்னால் விருந்தாளி முன்னால் தெருவே தலைகுனியும். ஆமாம் என்று கொடுத்தால் கோட்டு ஹாலந்துக்குப் போய்விடும். முழங்கை நாலு விரல் மேலே உள்ள அந்த மனிதன் ஒருநாள் வந்து நின்றால் என்ன சொல்வது?

அவள் மெதுவாகக் கோட்டின் மூன்றாவது பட்டனைப் பிடித்தாள். அவளே இரட்டை நூலில் இறுக்கித் தைத்த பட்டன். முடிவெட்டும் அம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை ஒரு முறுக்கு முறுக்கினாள். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறுக்கு. டப்பென்று கையோடு வந்தது.

"ஐயோ, பாருங்க ஐயா. பட்டன் தளர்ந்து போயிருக்கு."

"நீங்கதானே இப்ப..." என்று ஆரம்பித்த யோரிஸின் காலை ஒனோதெரா மிதித்தார்.

"குறையோட ஒரு உருப்படியைக் குடுக்கற வழக்கம் எங்க கடையில கிடையாது. தச்சுத்தான் குடுக்கணும். ஆனா பழைய கடையில தையல் வேலை எடுக்க முடியாது, அந்தக் கடையே இப்ப இல்ல. புதுக் கடையிலதான் எழுதிக்கணும். கடை நாளைக்குக் காலையில திறக்குது, நீங்க வந்து போட்டுட்டுப் போங்க."

கடை நாளைக்குத் திறக்கிறது. அதைச் சொன்னவள் அவளேதான். கொன்னோ தொப்பியைக் கழற்றி மூஞ்சியை மறைத்துக்கொண்டார். பிறகு கினுயோ குதிகாலைச் சேர்த்து, இடுப்பு வளைய, பழைய கடை சார்பில் குனிந்தாள். "மார்ச் பன்னெண்டாந் தேதி குடுக்கறதா சொல்லியிருந்தோம். தாமதத்துக்கு மன்னிக்கணும்." யோரிஸும் பதிலுக்குக் குனிந்தான். பின்னால் நின்ற நாங்களும் குனிந்தோம். யார் யாருக்காகக் குனிகிறோம் என்று அப்போது யாராலும் சொல்ல முடிந்திருக்காது.

மறுநாள் மேளம் அடித்தார்கள், பன்னிரண்டு ஷட்டர் கதவுகளும் மேலே ஏறின. யோரிஸ் முதல் ஆளாகக் கோட்டை மேஜைமேல் வைத்தான். கினுயோ புதுச் சீட்டுக்கட்டைப் பிரித்து ஒன்றாம் எண்ணைப் பின் அடித்தாள்.

"எப்ப வாங்கிக்கறீங்க ஐயா?"

"எனக்கு ஒன்பதே முக்காலுக்குப் பஸ்ஸுங்க. திரும்பி எப்ப வருவேன்னு தெரியல."

"பரவாயில்ல. ஒருவேளை நீங்க வரமுடியாம, உங்க உயரத்துல வேற யாராவது வந்து கேட்டா?"

"அவர்கிட்டயே குடுத்துடுங்க" என்றான் யோரிஸ். "கண்டிப்பா அவர்கிட்டயே குடுத்துடுங்க." குரல் லேசாக உடைந்தது. அதைச் சரிக்கட்டுவதற்காகப் படம் எடுக்கலாமா என்று கேட்டான். துவைத்த உருப்படி, தாராளமாக எடுக்கலாம் என்றாள். கோட்டை ஹேங்கரில் மாட்டிவிட்டு அதன் பக்கத்தில், அதில் முக்கால் உயரத்துக்கு, விறைப்பாக நின்றாள். தன்னுடைய நோட்டில் என்ன எழுதினான் என்று அவன் காட்டவில்லை. பேருந்து வளைவு திரும்பி மறையும்வரை அவளும் எய்சாகுவும் வாசலில் குனிந்தபடி நின்றார்கள்.

உள்ளே வந்ததும் எய்சாகு நீல நூலைத் தேடி எடுத்து, ஊசியில் கோத்து, பட்டனைக் கையில் எடுத்தார்.

"வெச்சுடுங்க அதை" என்றாள் கினுயோ.

"ரெண்டு நிமிஷ வேலை."

"அதான் வேணாங்கறேன். தச்சுட்டா முடிஞ்ச உருப்படி ஆயிடும். முடிஞ்ச உருப்படியை நான் எத்தனை நாள் தொங்கப் போட்டு வெச்சுக்கறது? வேலை பாக்கி இருக்கட்டும். அந்த ஆள் வந்து நிக்கட்டும், அவர் கண்ணு முன்னாடி தச்சுக் குடுக்கறேன்."

எய்சாகு ஊசியைக் குத்தி வைத்தார். வைத்துவிட்டு நகரவில்லை. ஏதோ நகர்த்துவதற்குக் காய் தேடுகிறவர்போல நின்றார்.

"அன்னைக்குக் கோட்டைக் குடுத்துட்டு அந்த ஆள் போறப்ப ஒண்ணு சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"'அவசரமே இல்ல, மெதுவா குடுங்க'ன்னு."

கினுயோ அவரையே பார்த்தாள். "ஒன்றரை வருஷமா இதை வயித்துக்குள்ள வெச்சிருந்தீங்களா?"

"நீ மூஞ்சி என்ன, பேரு என்னன்னுதான் கேட்ட. என்ன சொன்னான்னு கேக்கவே இல்லையே."

கையில் அகப்பட்ட ஈரத்துணியால் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். இன்னொன்றும் வைத்தாள். சிரித்தாள், சிரிப்பதற்குள் அழுகை முந்திக்கொண்டது. அவள் அழுவதை எய்சாகு அன்றுதான் பார்த்தார், மேட்டில் நின்ற அன்றைக்குக்கூட அழாதவள். என்ன செய்வதென்று தெரியாமல் அவர் போய் இஸ்திரிப்பெட்டியைச் சூடேற்றினார்.

வாசலில் மூன்று படகுக்காரர்கள் மூட்டையோடு வந்து நின்றார்கள். வாடை அவர்களுக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது.

"அக்கா, திறந்தாச்சா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்மேஜைக்கு வந்தாள். "திறந்தாச்சு. வாங்க, வாங்க."